இக்னோவில் பட்டம் படிப்பது எப்படி இருக்கிறது: சேர்க்கை முதல் மதிப்பெண் அட்டை வரை ஒரு மதிப்பீடு

திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் தலைமை சரியாக இருக்கிறதா என்று அறிய மூன்று கேள்விகள் போதும். புத்தகம் தேர்வுக்கு எத்தனை மாதம் முன்னால் வீடு வந்து சேர்ந்தது? வீட்டில் எழுதிக் கொடுத்த அசைன்மென்ட் தாளைத் திருத்திய ஆசிரியர் அதன் ஓரத்தில் என்ன எழுதியிருந்தார்? எழுதிய மதிப்பெண் எப்போது கணினியில் ஏறியது? துணைவேந்தர் மாநாடுகளில் பேசும் சமூக மாற்றம், தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த மூன்று வழியாகத்தான் வந்து சேரும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை, எல்லோரும் சொல்வதுபோல் இக்னோவை, இந்தக் கண்ணோடுதான் இங்கே எடை போடுகிறோம்.

முதலில் இதன் வேர். 1982-ல் ஹைதராபாத்தில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதுதான். இன்று அம்பேத்கர் பெயரில் இருக்கிறது. அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. அதற்கு முன் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராக இருந்தவர், பஞ்சாயத்து ராஜ் பற்றி ஆய்வு செய்த அரசியல் அறிவியல் பேராசிரியர். கிராம நிர்வாகத்தைப் படித்த ஒருவரின் கையில் இந்த வேலை போய்ச் சேர்ந்தது நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கும் தகுதித் தேர்வு ஒன்றை எழுதவைத்துக் கதவைத் திறந்தார்கள். பாடங்களைத் தெலுங்கில் எழுதினார்கள். 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் இக்னோ உருவானபோது அதற்கும் அவரே முதல் துணைவேந்தர் ஆனார். 1987-ல் இரண்டே டிப்ளமோ படிப்புகள், 4,528 மாணவர்கள். இன்று 30 லட்சத்துக்கு மேல்.

அந்த முதல் தலைமை எடுத்த மூன்று முடிவுகள் இன்னும் நம் கையில் பொருளாக இருக்கின்றன. புதுக் கட்டடம் கட்டாமல், ஏற்கெனவே இருக்கும் கல்லூரிகளின் வகுப்பறைகளை ஞாயிறு, விடுமுறை நாள்களில் படிப்பு மையமாகப் பயன்படுத்தியது ஒன்று. படிப்பைக் கிரெடிட் என்ற சிறு துண்டுகளாக வெட்டி, மாணவர் தன் வேகத்தில் சேர்த்துக்கொள்ள விட்டது இன்னொன்று. மூன்றாவது, என்னைக் கேட்டால் மிகப் பெரியது, பாடப் புத்தகத்தை எழுதிய முறை.

அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தடித்த ஒரே நூலாக இருக்காது. ஒரு தாள், அதாவது ஒரு பாடம், பல தொகுதிகளாகவும் தொகுதி பல அலகுகளாகவும் பிரிந்திருக்கும். ஒவ்வொரு அலகும் 'இதைப் படித்து முடித்ததும் உங்களால் என்னென்ன முடிய வேண்டும்' என்று தொடங்கும். சில பக்கங்களுக்கு ஒருமுறை ஒரு கட்டம் வரும்: இரண்டு மூன்று கேள்விகள், கீழே பேனாவால் எழுதக் கோடு போட்ட வெற்றிடம். விடைக் குறிப்பு அலகின் கடைசியில். ஆசிரியர் எதிரில் இல்லாத குறையை அந்த வெற்றுக் கோடுகள்தான் நிரப்புகின்றன. பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு தேர்வில் ஐந்து பக்கம் எழுத வேண்டிய இடத்தில் கை நிற்கிறது. ஒரு அலகுக்கு ஒரு கட்டமாவது எழுதியே தீர வேண்டும். பொருளாதாரம், வரலாறு, பொது நிர்வாகம் ஆகிய பாடங்களில் இந்தப் புத்தகங்களின் தரத்தைப் பற்றித் தயங்காமல் சொல்லலாம்: இக்னோவில் சேராமலேயே குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இவற்றைத் தேடி எடுக்கிறார்கள். இக்னோவின் ஈ-ஞானகோஷ் என்ற மின்நூலகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி சேர்க்கை. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும். விண்ணப்பம் முழுக்க இணையத்தில். 2024 ஜூலைச் சேர்க்கை முதல் டெப் ஐ.டி. என்ற எண் கட்டாயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தருவது. அதை எடுக்க, முதலில் 12 இலக்க ஏ.பி.சி. ஐ.டி. (மாணவர் சேர்க்கும் கிரெடிட்டுகளுக்கான கணக்கு எண்) வேண்டும். இங்கேதான் முதல் தடுக்கல். ஆதாரில் 'எஸ். கலைச்செல்வி', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கலைச்செல்வி எஸ்', திருமணத்துக்குப் பின் வேறு ஒரு முன்னெழுத்து என்று பெயர் மூன்று விதமாக இருந்தால் பின்னால் தொல்லை வரும். தமிழ்நாட்டுப் பெயர்களில் முன்னெழுத்து வைக்கும் பழக்கம் வடக்கே வடிவமைத்த படிவங்களுக்குப் பொருந்துவதே இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்திவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். புகைப்படமும் கையெழுத்தும் 100 கேபிக்குள்ளும் மற்ற சான்றிதழ்கள் 200 கேபிக்குள்ளும் இருக்க வேண்டும். கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் தளம் ஏற்காது. அளவைச் சுருக்கும்போது எழுத்து மங்கினால் விண்ணப்பம் குறையோடு திரும்பி வரும்.

அச்சுப் புத்தகம் வேண்டாம், மின்வடிவம் போதும் என்று தேர்ந்தெடுத்தால் படிப்புக் கட்டணத்தில் 15 சதவீதம் குறையும். கணினியோ பெரிய திரையோ இல்லாதவர்கள் இந்தச் சலுகைக்கு ஆசைப்பட வேண்டாம். ஆறு அங்குலத் திரையில் ஓர் ஆண்டுப் பாடத்தைப் படிப்பது கண்ணுக்கும் ஆகாது, மனதிலும் நிற்காது. அச்சுப் புத்தகத்தின் குறை தபால்தான்: சில படிப்புகளுக்குச் சேர்ந்த சில வாரங்களில் வந்துவிடுகிறது, சிலவற்றுக்குப் பாதிப் பருவம் போனபின். காத்திராமல் மின்வடிவத்தை இறக்கி முதல் இரண்டு அலகுகளைத் தொடங்கிவிடுவதே வழி.

எவ்வளவு நேரம் படிக்க வேண்டும்? இதை யாரும் சேருமுன் கணக்குப் போடுவதில்லை. ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேர உழைப்பு. புத்தகம் படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது, வகுப்புக்குப் போவது எல்லாம் அதில் அடக்கம். மூன்று ஆண்டு பி.ஏ. பட்டம் ஒன்றுக்கு 132 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 3,960 மணி நேரம், ஆண்டுக்கு 1,320, வாரத்துக்கு ஏறக்குறைய 25. நாளொன்றுக்கு மூன்றரை மணி நேரம். எட்டு மணி நேரம் வேலை பார்த்து, பேருந்தில் போய்வந்து, வீட்டில் சமைத்துப் போடும் ஒருவருக்கு இது முடியாத காரியம். அதனால்தான் குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு என்று வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே ஐந்து ஆண்டுத் திட்டம் போட்டுக்கொள்வது நல்லது. பதிவை ஆண்டுதோறும் செய்துகொண்டே, ஒரு பருவத்துக்கு மூன்று தாள் மட்டும் எழுதலாம். மூன்று ஆண்டில் முடித்தே தீருவேன் என்று எல்லாத் தாளையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு, முதல் டிசம்பரிலேயே பாதியில் கோட்டை விட்டு, அதோடு படிப்பையே நிறுத்தியவர்கள் அதிகம்.

மறுபதிவு பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்ய முதலாண்டுத் தேர்ச்சி வேண்டியதில்லை. தேர்வே எழுதியிருக்க வேண்டியதும் இல்லை. 'ரிசல்ட் வரட்டும்' என்று காத்திருப்பவர்களின் கைவிட்டு மறுபதிவுக் கடைசி நாள் போய்விடுகிறது, ஓர் ஆறு மாதம் வீணாகிறது. வழக்கமான கல்லூரிப் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டு வருவதால் வரும் இழப்பு இது.

இப்போது அசைன்மென்ட். இந்தச் சேவையின் உயிர்நாடியும் இதுதான், மிகவும் நோய்ப்பட்டிருக்கும் இடமும் இதுதான்.

ஒரு தாளின் மொத்த மதிப்பெண்ணில் பெரும்பாலான பட்டப்படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம். இளநிலையில் இரண்டிலும் தனித்தனியாக 35 எடுக்க வேண்டும், முதுநிலையில் 40. அசைன்மென்ட்டில் 70 மதிப்பெண்ணும் தேர்வில் 40-ம் எடுத்தால் 21 கூட்டல் 28, மொத்தம் 49. ஆனால் அசைன்மென்ட்டில் 90 எடுத்துவிட்டுத் தேர்வில் 30 எடுத்தால் தேர்ச்சி இல்லை. ஒன்றின் மிச்சம் மற்றொன்றின் ஓட்டையை அடைக்காது. தேர்வில் தவறினாலும் தேர்ச்சி பெற்ற அசைன்மென்ட் மதிப்பெண் அப்படியே நிற்கும். மறுபடி எழுத வேண்டாம்.

கையால் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் பெயர், சேர்க்கை எண், படிப்பின் குறியீடு, தாளின் குறியீடு, மையத்தின் எண், தேதி. ஒவ்வொரு தாளுக்கும் தனிக்கட்டாகக் கோக்க வேண்டும். கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். சென்ற ஆண்டுக் கேள்விக்கு எழுதிய விடையைக் கொடுத்தால் செல்லாது. கடைசி நாள் ஜூன் தேர்வுக்கு மார்ச் அல்லது ஏப்ரலிலும், டிசம்பர் தேர்வுக்குச் செப்டம்பர் அல்லது அக்டோபரிலும் விழும், பல முறை நீட்டிப்பும் வரும். நீட்டிப்பை நம்பி இருக்க வேண்டாம். நேரில் கொடுப்பதா, இணையத்தில் ஏற்றுவதா என்பது மையத்துக்கு மையம் மாறும். எப்படிக் கொடுத்தாலும் இரண்டு வேலை கட்டாயம்: கொடுக்குமுன் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வது, கொடுத்ததற்குத் தேதியோடு முத்திரையிட்ட ரசீது வாங்குவது. மின்னஞ்சல் என்றால் அனுப்பிய அஞ்சலையே அழிக்காமல் வைத்திருப்பது.

ஏன் இவ்வளவு கவனம் என்றால், தவறு நடக்கும் இடம் தெரிந்ததுதான். அசைன்மென்ட்டைத் திருத்துபவர் உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர், இது அவருக்குக் கூடுதல் வேலை. மதிப்பெண் பட்டியலை மையம் தொகுத்து மண்டல மையத்துக்கு அனுப்ப வேண்டும். நடுவில் ஒரு கட்டு தங்கிவிட்டால், தேர்வில் நன்றாக எழுதியும் கிரேடு கார்டு என்ற மதிப்பெண் அட்டையில் அந்தத் தாளுக்கு நேரே 'முடிவடையவில்லை' என்றே நிற்கும். வேலை ஆணைக்காகவோ மேற்படிப்புக்காகவோ பட்டம் கேட்கும் நாளில்தான் பலர் இதைப் பார்க்கிறார்கள். கொடுத்து மூன்று மாதம் ஆனதும் கிரேடு கார்டைத் திறந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் ரசீதின் நகலோடு மையத்துக்கு எழுதுங்கள், பின் மண்டல மையத்துக்கு, பின் இக்னோவின் ஐகிராம் குறைதீர்ப்புத் தளத்தில் பதியுங்கள். தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் மண்டல மையங்கள் இருக்கின்றன. ரசீது இல்லாதவரிடம் பெரும்பாலும் மறுபடி எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள்.

மதிப்பெண் ஏறாதது கண்ணுக்குத் தெரியும் குறை. கண்ணுக்குத் தெரியாத குறை அதைவிடப் பெரியது. இந்த முறையை வடிவமைத்தவர்கள் அசைன்மென்ட்டை ஒரு கடிதமாக நினைத்தார்கள். மாணவர் எழுதுவார், ஆசிரியர் ஓரத்தில் 'இந்த வாதத்துக்கு எடுத்துக்காட்டு எங்கே?', 'இரண்டாம் தொகுதியை மறுபடி படியுங்கள்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். மாணவர் ஒருவருக்குத் தனியாகக் கிடைக்கும் ஒரே பாடம் அதுதான். இன்று பெரும்பாலும் திரும்பி வருவது பக்கத்துக்கு ஒரு சிவப்பு டிக்கும் கடைசியில் ஓர் எண்ணும். பல நேரம் தாளே திரும்பி வருவதில்லை. அதற்கேற்ப, விடைகளைக் காசுக்கு விற்கும் கடைகள் முளைத்துவிட்டன. ஒரே விடையை நூறு பேர் பார்த்து எழுதுகிறார்கள், நூறு பேருக்கும் மதிப்பெண் விழுகிறது, தேர்வில் அத்தனை பேரும் திணறுகிறார்கள். இதைச் சரிசெய்யத் துணைவேந்தருக்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. திருத்தும் ஒவ்வொரு தாளிலும் மூன்று வரிக் குறிப்பு கட்டாயம் என்றாக்கி, அதற்கு உரிய ஊதியத்தை உயர்த்தி, மையத்துக்கு இத்தனை என்று தாள்களை எடுத்துச் சோதித்தால் போதும். பணம் செலவாகும். விளம்பரத்துக்கும் விழாவுக்கும் முன் அந்தப் பணம் இங்கே போக வேண்டும்.

தேர்வைப் பொறுத்தவரை சேவை நன்றாகவே நடக்கிறது. ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. மறுபதிவுக் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. ஒவ்வொரு முறையும் தேர்வுப் படிவத்தைத் தனியாக நிரப்பித் தாளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும், தவறிய தாள்களுக்கும் அப்படியே. மையத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது ஊர் விட்டு ஊர் வேலைக்குப் போனவர்களுக்குப் பெரிய உதவி: திருப்பூரில் சேர்ந்தவர் பெங்களூரில் எழுதலாம். பழைய கேள்வித்தாள்கள் பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும். ஐந்து ஆண்டுத் தாள்களை எடுத்து அலகு வாரியாகப் பிரித்து வைத்தால் எந்த அலகிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்பது ஒரே மாலையில் தெரிந்துவிடும்.

மொழிதான் நெஞ்சை உறுத்தும் இடம். ஹைதராபாத்தில் தெலுங்கில் தொடங்கிய அதே கனவு டெல்லிக்குப் போனதும் பெரும்பாலும் ஆங்கிலம், இந்தி என்று சுருங்கிவிட்டது. இந்தி மாநிலத்துப் பெண் தன் மொழியில் அரசியல் அறிவியல் படிக்கிறாள். தமிழ் வழியில் பள்ளி முடித்த பெண் அதே கட்டணம் கட்டி ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. தேசிய நிறுவனம் ஒன்று இவ்வளவு ஆண்டுகளாக இதைச் சரிசெய்யாமல் இருப்பது தலைமையின் தோல்வி என்றே சொல்கிறோம். தமிழ் வழி வேண்டுவோர் 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். சென்னை சைதாப்பேட்டையில் தலைமையகம். பட்டத்தின் சட்ட மதிப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இலங்கையில் 1980-ல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் சில படிப்புகளை மூன்று மொழியிலும் நடத்துகிறது. எனவே இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல இயலாது.

தலைமை தடுமாறிய இன்னொரு கதையும் உண்டு. 1991 முதல் நாட்டின் தொலைநிலைக் கல்வியை ஒழுங்குபடுத்தும் மன்றம் இக்னோவுக்குள்ளேயே இருந்தது. ஆட்டக்காரரே நடுவராகவும் இருந்த நிலை. 2013-ல்தான் அதைக் கலைத்துப் பொறுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளில் சமுதாயக் கல்லூரித் திட்டத்தை வேகமாகப் பரப்பிவிட்டு, பின் வந்தவர்கள் அதை நிறுத்திவைத்தபோது நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் ஏழை மாணவர்கள்தான். எனவே எந்தத் தொலைநிலைப் படிப்பில் சேர்வதாக இருந்தாலும், அந்தக் குறிப்பிட்ட பாடம், அந்தக் குறிப்பிட்ட ஆண்டுக்கு மானியக் குழுவின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தே பணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது.

தமிழ்நாட்டு அரசு வேலைக்கு ஒரு கறாரான நிபந்தனை இருக்கிறது. 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அரசாணை 107-ன்படி, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது. பிளஸ் டூ இல்லாதவர்களுக்காக இக்னோ வைத்திருந்த ஆறு மாத ஆயத்தப் படிப்பு பட்டப்படிப்புக்கு நுழைவுச் சீட்டு மட்டுமே. பிளஸ் டூவுக்கு இணை கிடையாது. இதைச் சொல்லாமலே ஆள் சேர்த்த முகவர்களை நம்பி, பட்டம் வாங்கி, பதவி உயர்வு நேரத்தில் இடிந்துபோனவர்கள் எத்தனையோ பேர். அரசு வேலை உங்கள் நோக்கம் என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ தனித்தேர்வராகவோ முதலில் பிளஸ் டூ முடியுங்கள். 10, 12, பட்டம் என்ற வரிசை சரியாக இருந்தால் கவலை வேண்டாம்: அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று மானியக் குழு 2022 செப்டம்பரில் மறுபடியும் தெளிவாக்கியது.

கட்டணச் சலுகை இந்தப் பல்கலைக்கழகத்தின் உண்மையான பெருமை. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குக் குறிப்பிட்ட படிப்புகளில் கட்டண விலக்கு உண்டு. ஒரு சேர்க்கைப் பருவத்தில் ஒரே ஒரு படிப்புக்குத்தான் கேட்கலாம், இரண்டுக்குக் கேட்டால் இரண்டு விண்ணப்பமும் தள்ளுபடியாகும். திருநர்களுக்கு 2017-ல் கட்டண விலக்கு அறிவித்தார்கள். சிறைவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. திகார் சிறைக்குள் 1994-லேயே படிப்பு மையம் திறந்தார்கள். வழக்கமான கல்லூரி எட்டாத இடம் அது.

சேருவதென்று முடிவு செய்துவிட்டால், விண்ணப்பத்தில் மையத்தின் எண்ணைக் குறிக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கல்லூரிக்கு நேரில் போய்வாருங்கள். அறிவிப்புப் பலகையில் இந்தப் பருவத்து வகுப்பு அட்டவணை ஒட்டியிருக்கிறதா, அல்லது சென்ற ஆண்டுத் தாள் காய்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: நீங்கள் எடுக்கப்போகும் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, சென்ற பருவத்து அசைன்மென்ட் மதிப்பெண்களை எந்தத் தேதியில் மண்டல மையத்துக்கு அனுப்பினார்கள், திருத்திய தாள்களை எங்கே வாங்கிக்கொள்வது. வகுப்பறையில் பத்துப் பேராவது உட்கார்ந்திருந்தால், இடைவேளையில் அவர்களில் ஒருவரிடம் திருத்திய தாள் ஒன்றைக் காட்டச் சொல்லி ஓரத்தைப் பாருங்கள். பக்கத்து ஊரில் இன்னொரு மையம் இருந்தால் அடுத்த ஞாயிறு அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு எண்ணைக் குறியுங்கள்.